சாப்பாட்டுக் கடைக்கு ஏ, பி, சி உண்டு; பிள்ளையை விடும் வீட்டுக்கு?



சுங்கை காடுட்டில் ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து பாருங்கள். கல்லாப்பெட்டிக்கு மேலே சாமி படம், அதற்குப் பக்கத்தில் வியாபார லைசென்ஸ், அதற்கும் பக்கத்தில் ஊராட்சி மன்றம் கொடுத்த ஏ, பி, சி என்ற தர அட்டை. தோசை தின்ன உட்காருவதற்கு முன்பே, அந்தக் கடையின் அடுப்படியை அதிகாரிகள் வந்து பார்த்தார்களா, என்ன மதிப்பு போட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்து விடுகிறது. எலி எச்சம் கண்ட கடையை 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி 14 நாள் வரை மூடி வைக்கிறார்கள். மறுநாள் பத்திரிகையில் படத்தோடு செய்தி வருகிறது.

இப்போது இன்னொரு வாசலுக்கு வாருங்கள். காலை ஐந்தரை மணி. துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ் முச்சந்திக்கு வரும் நேரம். ஒரு தாய், தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, பால் போத்தலும் பெம்பர்ஸும் வைத்த பையை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு, ஆயா வீட்டுக் கதவைத் தட்டுகிறார். கதவு திறக்கிறது. பிள்ளை கை மாறுகிறது. பஸ் கிளம்புகிறது. அந்த வீட்டை இதுவரை எந்த அதிகாரியாவது வந்து பார்த்திருக்கிறாரா? பார்த்திருந்தால் என்ன எழுதி வைத்தார்? அந்தத் தாய்க்குத் தெரியாது. கேட்டாலும் சொல்வார் இல்லை. இந்நாட்டில் இட்லிக்கு இருக்கிற மரியாதை ஏழையின் பிள்ளைக்கு இல்லை என்று நான் எழுதினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பிள்ளை பராமரிப்பு இடங்களில் அரசாங்க அதிகாரிகள் நடத்தும் பரிசோதனையின் முடிவுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் இன்று இருக்கிற நிலையில், எந்த முன்னேற்பாடும் இல்லாமல் அப்படியே வெளியிட்டால் முதலில் நசுங்கப்போவது நம்முடைய ஆயாமார்கள்தான் என்பதும் என் கருத்து. இரண்டையும் சேர்த்துப் பேச வேண்டியுள்ளது. பொறுமையாகப் படியுங்கள்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆயாக் கொட்டகையை நான் விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் பெரட்டுக் களத்துக்கு ஓடும் தாய், வழியில் பிள்ளையை அங்கே விட்டுவிட்டுப் போவாள். வரிசையாகத் தூளிகள். பால்மரம் வெட்ட முடியாத வயதான ஒரு பெண்தான் பெரும்பாலும் ஆயா. அதைப் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. கொட்டகையில் ஈ மொய்த்ததும், ஒரே ஆயா கணக்கில்லாத பிள்ளைகளைப் பார்த்ததும் நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒன்று இருந்தது: பிள்ளையைப் பார்த்துக்கொள்வது முதலாளியின் கடமை என்று சட்டத்தில் எழுதியிருந்தது. 1990ஆம் ஆண்டு தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டத்தின் முகப்பிலேயே வீடமைப்போடு சேர்த்துக் குழந்தைக் காப்பகத்தையும் குறிப்பிட்டிருக்கிறார்கள். 2019இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது; அதற்கு முன்பே நம்மவர்களில் பெரும்பாலோர் தோட்டத்தை விட்டு வெளியேறியிருந்தார்கள். ரப்பர் போய் செம்பனை வந்தது. செம்பனை போய்த் தாமான்களும் தொழிற்பேட்டைகளும் வந்தன. லாபு, ரந்தாவ், சிலியாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கிளம்பிய குடும்பங்கள் மலிவு வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தன. கொட்டகை பின்னால் நின்றுவிட்டது. ஆயா மட்டும் நம்மோடு வந்தாள். துரை கொடுத்த சம்பளம் போய், மாதா மாதம் தாய்மார்கள் கொடுக்கும் காசில் தன் வீட்டு முன்னறையில் பிள்ளைகளைப் பார்க்கத் தொடங்கினாள்.

இந்த முன்னறையைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? 1984ஆம் ஆண்டு குழந்தை பராமரிப்பு மையச் சட்டம், அதாவது 308ஆம் சட்டம், 'தஸ்கா' என்று நாம் சொல்லும் இடங்களை ஆளுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, 4 வயதுக்குக் குறைந்த, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைக் காசு வாங்கிக்கொண்டு பார்த்தால் அது தஸ்கா. வீடாக இருந்தாலும் சரி, கடைவீடாக இருந்தாலும் சரி. பத்துக்குக் குறைந்த பிள்ளைகள் என்றால் வீட்டுத் தஸ்கா. சமூக நல இலாகாவில், அதாவது ஜேகேஎம்மில், பதிந்துகொள்ள வேண்டும். பதியாமல் நடத்தினால் 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

மறுபடி படித்துப் பாருங்கள். மூன்று பிள்ளைகளைப் பார்க்கும் வரை அவர் பக்கத்து வீட்டு அக்கா. நான்காவது பிள்ளையைக் கையில் வாங்கிய நிமிடம் அவர் குற்றவாளி. இது நம் ஆயாமார்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நான் கேட்டுப் பார்த்த வரையில், தெரிந்தவர்கள் குறைவு. 'வீட்டுல சும்மா பாத்துக்கிறேன், இதுக்கு எதுக்குங்க லைசென்ஸ்?' என்பதுதான் பதில். எட்டு வயதுப் பையன் பள்ளி விட்டு வந்து சாப்பிட்டுப் போவது வேறு கணக்கு. இந்தச் சட்டம் 4 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத்தான் எண்ணுகிறது.

ஒரு ஆளுக்கு எத்தனை பிள்ளைகள் என்பதற்கும் அளவு இருக்கிறது. ஒரு வயதுக்குள் என்றால் மூன்று. ஒன்றிலிருந்து மூன்று வயது என்றால் ஐந்து. மூன்றிலிருந்து நான்கு என்றால் பத்து. இதில் எனக்குச் சண்டை இல்லை. நான்கு கைக்குழந்தைகளை ஒரே ஆள் குளிப்பாட்டி, பால் கொடுத்து, கண்ணை எடுக்காமல் பார்ப்பது முடியாத காரியம் என்று பிள்ளை பெற்ற எவருக்கும் தெரியும்.

சரி, பதிந்துகொண்டாரே, அந்த வீட்டுக்கு அதிகாரி வந்து பார்த்துவிட்டு எழுதும் அறிக்கை எங்கே போகிறது? கோப்புக்குள். அங்கேயே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் என் அலுவலகத்துக்கு வந்தார். பதினோரு மாதக் குழந்தையின் தொடையில் சுடுதண்ணீர் பட்ட புண். நடந்தது ஆயா வீட்டில் அல்ல. கடைவீட்டில் நடந்த, போர்டு மாட்டிய, பதிவு பெற்ற ஓர் இடத்தில். எந்த ஊர், எந்த இடம் என்று இங்கே எழுதப்போவதில்லை. வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்கித் தாருங்கள் என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்விதான்: 'இதுக்கு முன்னாடி அந்த இடத்துல இப்படி ஏதாச்சும் நடந்திருக்குதா சார்? அதிகாரிங்களுக்கு தெரிஞ்சிருந்துச்சா?' சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு எழுதினேன். இரண்டு முறை நினைவூட்டினேன். கடைசியில் வந்த பதில் இரண்டே வரி: கோப்பிலுள்ள விவரங்கள் உள்பயன்பாட்டுக்கு உரியவை. அந்தக் கடிதத்தை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. கடிதத்தை மடித்துப் பிள்ளையின் கிளினிக் அட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

சட்டம் படித்த நான் அவருக்கு என்ன வழி காட்டியிருக்க முடியும்? சிலாங்கூரிலும் பினாங்கிலும் மாநில அளவில் தகவல் பெறும் சட்டங்கள் இருக்கின்றன. பினாங்கு 2010இலும் சிலாங்கூர் 2011இலும் அவற்றை நிறைவேற்றின. ஆனால் சமூக நல இலாகா கூட்டரசு இலாகா. மாநிலச் சட்டம் அதன் கோப்பைத் திறக்காது. கூட்டரசு அளவில் அப்படியொரு சட்டம் கொண்டுவரப் போகிறோம் என்ற பேச்சைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். அதற்கு நேர்மாறாக, 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டம் ஒவ்வொரு அரசு ஊழியரின் வாய்க்கும் பூட்டாக இருக்கிறது. ஒரு குழந்தை காப்பகத்தின் சமையலறையில் கொதிநீர்க் குடம் எட்டும் உயரத்தில் இருந்ததா இல்லையா என்பது எந்த நாட்டுக்கு எதிரான இரகசியம்?

மூடி வைப்பதன் விலை என்ன என்று கனடாவைக் கேளுங்கள். நம்மவர்கள், குறிப்பாக ஈழத்துச் சகோதரர்கள், பெருந்தொகையாக வாழும் டொரொண்டோவுக்கு வடக்கே வோன் என்ற நகரம். 2013 ஜூலையில் அங்கே உரிமம் இல்லாத ஒரு வீட்டுக் காப்பகத்தில் விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தை, வெயிலில் நின்ற காரில் மறக்கப்பட்டு இறந்தது. அப்படிப்பட்ட வீட்டில் ஐந்து பிள்ளைகளுக்கு மேல் பார்க்கக் கூடாது என்பது அன்றைய சட்டம். அங்கே இருந்தவர்கள் அதைப் போலப் பல மடங்கு. அந்த வீட்டைப் பற்றி முன்பே அமைச்சுக்குப் புகார்கள் போயிருந்தன. விசாரிக்க வேண்டியவர்கள் எல்லாவற்றையும் ஒழுங்காக விசாரிக்கவில்லை. ஒன்டாரியோ மாநில ஒம்பட்ஸ்மன் 2014 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை அமைச்சைக் கிழித்துத் தொங்கப்போட்டது. அதே ஆண்டு புதிய சட்டம் நிறைவேறி, 2015 ஆகஸ்டு 31இல் நடைமுறைக்கு வந்தது. இன்று அங்கே ஒரு தாய், தான் பிள்ளையை விடப்போகும் ஆள் மீது விதிமீறல் பதிவாகியிருக்கிறதா என்று அரசாங்கத்தின் பக்கத்திலேயே தேடிப் பார்க்கலாம். ஒரு குழந்தை செத்த பிறகு வந்த வசதி அது.

அமெரிக்காவில் 2014 நவம்பரில் ஒபாமா கையெழுத்திட்ட குழந்தை பராமரிப்பு மானியச் சட்டத்தின்படி, ஒவ்வொரு மாநிலமும் காப்பகப் பரிசோதனை அறிக்கைகளைப் பொதுமக்கள் பார்க்க வெளியிட வேண்டும். வீட்டில் நடத்துகிறவர்களுக்கும் அது உண்டு. அதைத் தொடர்ந்து வந்த விதிமுறைகளை நான் படித்தபோது ஒரு விஷயம் பிடித்திருந்தது. அறிக்கை எளிய மொழியில் இருக்க வேண்டும் என்கிறார்கள். குறையைச் சுட்டினால், நடத்துகிறவர் அதைச் சரிசெய்தாரா என்பதையும் சேர்த்துப் போட வேண்டும் என்கிறார்கள். தவறாக எழுதப்பட்டதைத் திருத்திக்கொள்ள ஒரு வழி வைக்க வேண்டும் என்கிறார்கள். இந்தக் கடைசி இரண்டும் இல்லாமல் வெறும் வெளியீடு மட்டும் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மூரிலேயே ஒரு கதை இருக்கிறது.

அறுபது வயதைக் கடந்த ஒரு அம்மா. தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பதினான்கு வருடம் வேலை செய்தவர். தோட்டம் மூடியதும் தாமானுக்கு வந்தார். கணவர் இல்லை. ஆறு பிள்ளைகளைப் பார்த்து வந்தார், பதியவில்லை. யாரோ புகார் கொடுத்தார்கள். அதிகாரி வந்தார். மலாயில் கேட்டார், அம்மாவுக்குச் சந்தையில் பேசும் மலாய்தான் தெரியும். எழுதிய படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். அதில் என்ன இருந்தது என்று பிறகு நான் படித்தேன்: பதிவு இல்லை; தீயணைப்புக் கருவி இல்லை; முதலுதவிப் பெட்டி இல்லை; அடுப்படிக்குத் தடுப்புக் கதவு இல்லை. பிள்ளைகளைப் பற்றி ஒரே ஒரு வரி: சுத்தமாகவும் உணவு உண்ட நிலையிலும் காணப்பட்டனர். அந்தப் படிவத்தை யார் படம் பிடித்தார்களோ தெரியாது, மறுநாள் காலை தாமான் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. கடைசி வரி மட்டும் படத்தில் வெட்டுப்பட்டிருந்தது. மேலே ஒருவர் எழுதியிருந்தார்: 'சட்டவிரோத ஆயா, பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள்.' ஒரே வாரத்தில் மூன்று குடும்பங்கள் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டன. மார்க்கெட்டில் அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களில், அவர் கையில் வளர்ந்த பிள்ளையின் தாயும் ஒருவர்.

வழக்குப் போடலாமா என்று கேட்டார். 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம் இருக்கிறது. 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவும் இருக்கிறது. ஆனால் பதிவு இல்லை என்பது உண்மை. உண்மையை எழுதியவன் மேல் எப்படிப் பாய்வது? சொன்னதில் பொய் இல்லை. சொல்லாமல் விட்டதில்தான் அநியாயம் இருந்தது.

இதில் தாய்மார்களையும் நான் குறை சொல்லவில்லை. 2018 ஜூலையில் பத்து கேவ்ஸ் பக்கத்தில் ஐந்து மாதக் குழந்தை ஒன்று பராமரிப்பவரின் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சடலமாக எடுக்கப்பட்ட செய்தியைப் படித்த எந்தத் தாய்க்குத்தான் நெஞ்சு பதறாது? அப்போது துணைப் பிரதமராகவும் மகளிர் அமைச்சராகவும் இருந்த வான் அசிசா, பராமரிப்பவர்களின் பதிவைப் பற்றிப் பேசினார். பேச்சு கொஞ்ச நாள் இருந்தது. 2024 செப்டம்பர் 11ஆம் நாள் சிலாங்கூரிலும் நம் நெகிரி செம்பிலானிலும் 20 இல்லங்களில் போலீஸ் புகுந்து 402 பிள்ளைகளை மீட்டபோது மறுபடியும் நாடு முழுக்கப் பேச்சு. அவை தஸ்கா அல்ல, நல இல்லங்கள். அவற்றுக்குச் சட்டமும் வேறு. ஆனால் மக்கள் மனத்தில் கேள்வி ஒன்றுதான்: இத்தனை நாள் யார் போய்ப் பார்த்தார்கள், பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? அதிகாரபூர்வமான பதில் கிடைக்காத இடத்தில் வாட்ஸ்அப் பதில் சொல்கிறது. அந்த அம்மாவை அழித்தது அறிக்கை வெளியானது அல்ல. அரைகுறையாக, திருட்டுத்தனமாக, பதில் சொல்ல இடமில்லாமல் வெளியானது. முழு அறிக்கையும் முறையாக வெளியாகியிருந்தால் அந்தக் கடைசி வரியையும் தாய்மார்கள் படித்திருப்பார்கள்.

ஆகவேதான் வெளியிடு என்கிறேன். எப்படி வெளியிடுவது என்பதில்தான் நம் ஆட்கள் விழிப்பாக இருக்க வேண்டும்.

பொதுவாக எவரும் பேசாத ஒரு விஷயத்தை முதலில் சொல்லி விடுகிறேன். பரிசோதனை முடிவு என்று ஒன்று வெளிவருமானால், அது பதிந்துகொண்டவர்களைப் பற்றித்தான் வரும். பதியாமல் ஒளிந்து நடத்துகிறவரின் பெயர் அதில் இருக்காது. அவர் வீட்டுக்குத்தான் யாரும் போகவில்லையே. அப்படியானால் நேர்மையாக முன்வந்து படிவம் நிரப்பி, பயிற்சிக்குப் போய், கதவைத் திறந்து விட்டவரின் குறைகள் ஊருக்கெல்லாம் தெரியும். எதுவும் செய்யாதவர் சுத்தமானவராகத் தோன்றுவார். இதைப் பார்த்த பிறகு எந்த ஆயா பதிய வருவார்? சட்டத்துக்கு உட்பட்டவரைத் தண்டிக்கிற விளம்பரமாக அது முடியும்.

எனவே பதிவை எளிதாக்காமல் வெளியீட்டை மட்டும் கொண்டுவருவது தலைகீழ் வேலை. ஒரு வீட்டுத் தஸ்காவைப் பதிய வேண்டுமென்றால் ஜேகேஎம் மட்டும் போதாது. பொம்பா, சுகாதார இலாகா, ஊராட்சி மன்றம் என்று வாசல் வாசலாக ஏற வேண்டும். சிரம்பானும் நீலாயும் இணைந்து 2020இல் மாநகர் மன்றமான பிறகும் ஒரு சாதாரண அம்மாவுக்கு எந்த முகப்பில் எந்தப் படிவம் என்பது புரிந்தபாடில்லை. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். அடிப்படைப் பயிற்சிக்குப் போகும் நாட்களில் பிள்ளைகளை யார் பார்ப்பது, அந்த வருமானத்தை யார் கொடுப்பது? என்னைத் தேடி வரும் ஆயாமார்களில் இன்னும் சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணிலேயே பால்மரம் வெட்டி, இன்றும் குடியுரிமை இல்லாத அவர்களுக்கு அரசாங்கப் படிவம் என்றாலே கை நடுங்குகிறது.

கணக்கையும் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு மாதம் 400 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 2025இல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. இரண்டு பிள்ளைகள் என்றால் பாதிக்கு அருகில். இதற்கு மேல் அந்தத் தாயிடம் கேட்க முடியாது. ஆயா பக்கம் பார்த்தால், சட்டத்துக்குப் பயந்து மூன்று பிள்ளைகளோடு நின்றால் 1,200 வெள்ளி. அதில் மின்சாரம், தண்ணீர், சாப்பாடு போக என்ன மிஞ்சும்? ஏழை ஏழைக்குச் செய்யும் சேவை இது. 2023 ஜனவரி முதல் மகப்பேறு விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக்கியது நல்ல காரியம். அந்த 98ஆவது நாளுக்கு மறுநாள் பிள்ளையை ஏந்திக்கொள்ளும் கை ஆயாவின் கைதான்.

ஆகையால் முதலில் ஒரு தவணைக்காலம் கொடுக்கட்டும். 'ஓராண்டுக்குள் வந்து பதியுங்கள், வழக்கு இல்லை, அபராதம் இல்லை' என்று தமிழிலும் அறிவிக்கட்டும். தீயணைப்புக் கருவியும் தடுப்புக் கதவும் வாங்க மானியம் கொடுக்கட்டும். அதெல்லாம் எவ்வளவு பெரிய தொகை? வழக்கு நடத்தும் செலவை விடக் குறைவு.

பிறகு அறிக்கை. உயிருக்கு ஆபத்தான குறை வேறு, காகிதக் குறை வேறு. அளவுக்கு மேல் கைக்குழந்தைகள் இருந்தது, பிள்ளையை அடித்த தழும்பு, குளியலறையில் தனியாக விட்டது – இவற்றை அன்றைக்கே வெளியிடுங்கள், நான் தடுக்கமாட்டேன். வருகைப் பதிவேட்டில் ஒருநாள் கையெழுத்து விட்டுப்போனதை அதே தட்டில் வைத்து நிறுக்காதீர்கள். வெளியிடுவதற்கு முன் அவருக்கு வரைவைக் காட்டி, அவருக்குப் புரியும் மொழியில் விளக்கி, இத்தனை நாளுக்குள் பதில் சொல் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலையும் கீழே போடுங்கள். ஒருவரைக் கேட்காமல் அவருக்கு எதிராகத் தீர்ப்பு எழுதக்கூடாது என்பது சட்டக் கல்லூரியில் முதலாண்டிலேயே கற்றுக்கொடுக்கும் பாடம். அரசு முடிவை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் சீராய்வு கேட்க மூன்று மாத அவகாசம் இருக்கிறது என்று நான் எழுதலாம்தான். மூன்று பிள்ளைகளின் காசில் வாழும் அம்மா எந்த வழக்கறிஞருக்கு எந்தப் பணத்தில் கட்டுவார்? எனவே வாசலிலேயே நியாயம் வேண்டும்.

ஒரே எழுத்தில், ஒரே சொல்லில் மதிப்புப் போடும் வழக்கமும் வேண்டாம். சாப்பாட்டுக் கடைக்கு அது பொருந்தலாம். இங்கிலாந்தில் 2001 முதல் ஓப்ஸ்டெட் என்ற அமைப்பு, வீட்டில் பிள்ளை பார்ப்பவர்களையும் சேர்த்துப் பரிசோதித்து அறிக்கைகளை வெளியிட்டு வருகிறது. தாய்மார்களுக்கு அது பெரிய உதவி என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் 2023 ஜனவரியில் ஒரு தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை, தன் பள்ளிக்கு ஒரே சொல்லில் மோசமான மதிப்பு வரப்போவதை அறிந்து தற்கொலை செய்துகொண்டார். அந்தப் பரிசோதனையும் அவரது மரணத்துக்கு ஒரு காரணம் என்று அதே ஆண்டு டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். 2024 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு அந்த ஒற்றைச் சொல் மதிப்பு நீக்கப்பட்டது. படித்த, பதவியில் இருந்த ஒரு பெண்ணுக்கே அந்தக் கதி என்றால், கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் படிக்கத் தெரியாத நம் அம்மாவுக்கு?

குறையைச் சரிசெய்தால் மறுபடி வந்து பார்க்க வேண்டும், சரியாகிவிட்டது என்று அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் போட வேண்டும். பழைய சிறு குறைகள் சில ஆண்டுகளில் நீங்க வேண்டும். வீட்டு முகவரி முழுவதையும் போடத் தேவையில்லை. அது ஒரு பெண் தனியாக இருக்கும் வீடாகவும் இருக்கலாம். பதிவு எண்ணை வைத்துத் தேடினால் போதும். கடைவீட்டில் போர்டு மாட்டி நடத்தும் பெரிய இடங்களுக்கும் இதே விதிதான் இருக்க வேண்டும். வீட்டுக்காரிக்கு மட்டும் பெயர் நாறுவதும், கம்பெனிக்குக் கோப்பு மூடுவதும் நடக்கக்கூடாது.

இனி, இலாகா எப்போது திருந்தும் என்று காத்திருக்காமல் நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

தாய் தகப்பன்மார்களே, பிள்ளையை விடும் இடத்தில் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். கடைசியாக அதிகாரி எப்போது வந்தார், என்ன எழுதினார் என்று கேளுங்கள். கேட்பது சண்டை அல்ல. இரண்டு பேரும் அறிந்து பழகியவர்கள்தானே, 'அக்கா, ஒரு வார்த்தை கேக்குறேன், தப்பா நெனச்சுக்காதீங்க' என்று தொடங்கினால் எந்த ஆயாவும் கோபிக்க மாட்டார். ஒரு கைக்குழந்தையையாவது பார்க்கும்போது வேறு எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சொல்லாமல் ஒருநாள் மதியம் போய் நில்லுங்கள். உண்மையிலேயே தப்பு நடக்கிறது என்று தெரிந்தால் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். தாலியான் காசே 15999க்கு அழைத்துப் புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண் இருந்தால்தான் பிறகு என்னைப் போன்றவர்கள் 'என்ன ஆயிற்று?' என்று கேட்க முடியும்.

ஆயாமார்களே, ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் ஒரே ஒரு பிள்ளையைக் காசுக்குப் பார்த்தாலும் 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் கண்ணில் நீங்கள் பராமரிப்பவர்தான். உங்களிடம் வரும் பிள்ளையின் உடம்பில் அடிபட்ட அடையாளம் கண்டு, அது துன்புறுத்தல் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், 29ஆவது பிரிவின்படி சமூக நல அதிகாரிக்குத் தெரிவிக்கும் கடமை உங்களுக்கு இருக்கிறது. பிள்ளை வீட்டிலிருந்தே காயத்தோடு வந்திருந்தால் அன்றைக்கே தேதி போட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, தாயின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஐம்பது சென் நோட்டு உங்களைக் காப்பாற்றும். அதிகாரி வந்தால் கதவை அடைக்காதீர்கள். படிவத்தில் என்ன இருக்கிறது என்று புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்; 'எனக்கு வாசிச்சுச் சொல்லுங்க, ஒரு நகல் குடுங்க' என்று கேளுங்கள்.

அந்த அம்மாவின் பதிவு விண்ணப்பத்தை நானும் என் அலுவலகத்துப் பெண்ணும் உட்கார்ந்து நிரப்பினோம். தீயணைப்புக் கருவியும் முதலுதவிப் பெட்டியும் வாங்கி மாட்டிவிட்டார். அடுப்படிக்குப் பேரன் மரக்கதவு அடித்துக் கொடுத்தான். சென்ற மாதம் போயிருந்தேன். இன்னும் ஒரு இலாகாவின் கடிதம் வரவில்லை. வரும் வரை மூன்று பிள்ளைகளுக்கு மேல் எடுப்பதில்லை என்று உறுதியாக இருக்கிறார். போன பிள்ளைகளின் தாய்மார்களில் இரண்டு பேர் திரும்பி வந்து கேட்டார்களாம். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

'அவங்க இப்ப பிள்ளைகள எங்க விடுறாங்க?' என்று கேட்டேன்.

'தெரியலையே தம்பி,' என்றார்.